கண்ணாடிக்குள் ஓர் அமானிதம்

சென்ற நோன்புப் பெருநாளன்று என் மகளின் மகன், தனக்குச் சேர்ந்த பெருநாள் காசையெல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு என் முன்னே வந்து நின்றான். வயது ஏழு. மிட்டாயோ விளையாட்டுச் சாமானோ கேட்பான் என்று நான் எண்ணியிருக்க, அவன் தங்கமீன் வேண்டுமென்றான். பெருநாளும் அதுவுமாகப் பேரனின் முகம் வாட விடுவேனா? கடைக்கு அழைத்துச் சென்றேன். உருண்டையான கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, மீன்கள் இரண்டு, தீனி டப்பா ஒன்று. "நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள், ஒன்றும் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னார். அந்த வாக்கை நம்பி வீடு திரும்பினோம்.

மூன்று நாட்கள் வீடே கோலாகலமாக இருந்தது. பேரன் தன் பங்கு ரொட்டியைப் பிய்த்து மீன்களுக்கும் கொடுத்தான். நான்காம் நாள் சுப்ஹு தொழுதுவிட்டு நான் திரும்பியபோது இரண்டும் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தன. பிள்ளை எழுந்து வந்து பார்த்தான். சிறிது நேரம் அழுதான். பின்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான்தான் கொன்றுவிட்டேனா? அல்லாஹ் என்னைக் கேட்பானா?" என்று வினவினான். (தாயின் தகப்பனாரை 'அப்பா' என்றும் தகப்பனாரை 'வாப்பா' என்றும் அழைப்பது எங்கள் ஊர் வழக்கம்.)

பருவமடையாத பிள்ளையின் கணக்கில் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாமெல்லாம் மதரஸாவில் ஓதி அறிந்த செய்தி. அதைச் சொல்லி அவனைத் தேற்றினேன். அவனும் மனந்தேறி விளையாடப் போய்விட்டான். ஆனால் அந்த விடையின் மறுபாதியை நான் அவனிடம் சொல்லவில்லை. பிள்ளையின் ஏட்டில் எழுதப்படாதது வேறு யாருடைய ஏட்டில் எழுதப்படும்? காசைக் கொடுத்தவன் நான். கிண்ணத்தைத் தூக்கி வந்தவனும் நான். அறுபதைக் கடந்த வயதில், இரண்டு விரற்கடை நீளமுள்ள இரண்டு உயிர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறது. அதன் பிறகு நான் விசாரித்து அறிந்தவற்றையே வாசகப் பெருமக்களுக்கு எழுதுகிறேன். நம் இல்லங்களில் இன்று மீன்தொட்டி இல்லாத வரவேற்பறை அருகிவருகிறது. சில இளைஞர்களோ மீனைக் கடந்து பாம்புக்கும் சிலந்திக்கும் போயிருக்கிறார்கள்.

முதலில் ஐயமொன்றைத் தீர்த்துக்கொள்வோம். உயிரினத்தை ஆசைக்காக வளர்ப்பதே கூடாதென்று கருதுவோர் நம்மில் உண்டு. ஆனால் அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூஉமைர், சிறு பிள்ளையாக இருந்தபோது குருவி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த இல்லத்துக்கு வந்தருளும்போதெல்லாம் குருவியின் நலத்தை அப்பிள்ளையிடம் வேடிக்கையாக விசாரிப்பார்கள். குருவி இறந்தபின் பிள்ளை சோர்ந்திருந்ததைக் கண்டபோதும் அன்போடு அதைப் பற்றிக் கேட்டார்கள். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹபின் மேதை இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள், இந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே யாத்திருக்கிறார்கள். பிள்ளை பறவையை வைத்துக்கொள்ளலாம் என்பதும் அவற்றுள் அடங்கும். கூண்டில் பறவையை அடைத்து அதன் குரலைக் கேட்டு மகிழலாமா என்று இமாம் அல்கஃப்பால் (ரஹ்) அவர்களிடம் வினவப்பட்டபோது, அதற்கு வேண்டியதையெல்லாம் உரியவன் கவனித்து வருவானாயின் கூடும் என்றும், கட்டிப்போட்ட கால்நடையைப் போன்றதே அதுவும் என்றும் விடை பகர்ந்தார்கள். அக்காலத்துக் கூண்டு இக்காலத்துக் கண்ணாடித் தொட்டிக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது, பாருங்கள்!

ஆகவே அனுமதி இருக்கிறது. அனுமதியோடு ஒட்டிக்கொண்டு நிபந்தனையும் இருக்கிறது: அதற்கு வேண்டியதையெல்லாம். தங்கமீனுக்கு என்ன வேண்டும்?

இதை அறியச் சென்னைக் கொளத்தூருக்குப் போனேன். வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற பகுதி அது. வீட்டுக்குப் பின்புறத்துச் சிமெண்டுத் தொட்டிகளில் மீன்குஞ்சு பொரித்து வாழ்வு நடத்தும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அத்தொழிலில் பழம் தின்ற அன்பர் ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டு, தீனியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "கிண்ணம் எத்தனை லிட்டர், பாய்?" என்றுதான் கேட்டார். நான்கு இருக்கும் என்றேன். "உங்கள் மீன் பசியால் சாகவில்லை. தன் கழிவிலேயே மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது" என்றார்.

அவர் விளக்கியது இது. மீனின் செவுள்வழியே ஓயாது அம்மோனியா என்னும் நஞ்சு வெளியேறுகிறது. உண்ணாமல் கிடந்து அழுகும் ரொட்டித் துண்டிலிருந்தும் அதுவே பிறக்கிறது. நிறமற்றது, தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கையிலேயே மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். ஏரியிலும் ஆற்றிலும் இந்த நஞ்சு தங்குவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இது அவ்வளவு தீங்கற்றது. நீர்த்தாவரங்கள் அதை உரமாய் உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் கிடையா. மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். நாமோ காலையில் தொட்டி வாங்கி மாலையில் மீன் விடுகிறோம்; சில நாட்களில் அது செத்தால் கண்ணேறு என்கிறோம்.

அவர் அடுக்கிய தவறுகள் ஒவ்வொன்றும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவை. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறோம். நமக்காகக் கலக்கப்பட்ட குளோரின் மீனுக்கு எமன். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் துலக்குகிறோம். ஆறு வாரம் காத்திருந்து பெற்ற நுண்ணுயிர்கள் ஆறு நிமிடத்தில் அழிகின்றன. மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் மோட்டாரை நிறுத்துகிறோம். காற்று கிட்டாமல் அவை மடிகின்றன. தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றுவதும் கேடு. வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்றினால் போதும். தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட ஃபைட்டர் மீனுக்கு, மேற்பரப்புக் காற்றையும் சுவாசிக்கும் உறுப்பொன்றை அல்லாஹ் வைத்திருக்கிறான். அதனால் அது உணவுப் பாட்டிலில் அடைத்தாலும் உடனே சாவதில்லை. சாகாமல் இருக்கிறது என்பதைக் கொண்டு அது சுகமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம். தங்கமீன், சரியாகப் பேணினால் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழுமாம். என் வீட்டில் அது நான்கு நாள் வாழ்ந்தது.

கடைகளில் நீலமும் இளஞ்சிவப்புமாகக் கோடு போட்ட கண்ணாடி மீன்களைக் கண்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். உள்ளிருக்கும் முள் தெரியும்படி உடல் ஊடுருவித் தோன்றும் அம்மீன் நம் நாட்டு நீர்நிலைகளுக்கே உரியது. அந்த நிறங்கள் அதனுடையவை அல்ல. ஊசியால் குத்திச் சாயம் ஏற்றியவை. ஒளியையே ஆடையாக உடுத்திப் படைக்கப்பட்ட ஒன்றுக்கு நாம் வண்ணம் பூசப் புறப்பட்டோம்.

வரவேற்பறையில் அரோவானாவும் தலைபுடைத்த ஃபிளவர்ஹார்னும் வைத்தால் செல்வம் பெருகும் என்று நம்பி ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கும் முஸ்லிம் இல்லங்களும் உள்ளன. இதற்கு நான் பெரிதாக எழுத வேண்டியதில்லை. ரிஸ்கு யார் கையில் இருக்கிறதென்பது அறிந்தவர்கள், அந்த மீனின் ரிஸ்கே தங்கள் கையில் இருப்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

பூனையை அடைத்து வைத்ததால் வேதனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் அனைவரும் அறிந்ததே. அதை இம்முறை நான் மீண்டும் வாசித்தபோது, இத்தனை ஆண்டுகள் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. அவள் பூனையை அடித்ததாகச் செய்தி இல்லை. அவள் குற்றம், அடைத்ததும் அதன்பின் இரண்டில் ஒன்றையும் செய்யாததுமே. தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தேடித் தின்னட்டும் என்று அவிழ்த்துவிடவும் இல்லை. ஆக, அவளுக்கு இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று உணவளிப்பது, மற்றொன்று விட்டுவிடுவது. பூனைக்குப் பூமி விரிந்து கிடந்தது.

அயல்நாட்டு உயிரினத்தை வளர்ப்பவனுக்கு அந்த இரண்டாம் வாசல் இல்லை. இதுவே நான் இக்கட்டுரையில் சொல்ல விழைவது. வளர்த்தவனுக்குச் சலித்துவிட்டது; மீன் தொட்டியைவிடப் பெரிதாகிவிட்டது; புண்ணியம் என்று கருதி ஏரியில் விட்டுவிடுகிறான். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென்னமெரிக்க சக்கர் மீன் அப்படித்தான் தமிழகத்து நீர்நிலைகளுக்குள் நுழைந்தது. முள்ளும் கவசமுமாய் இருக்கும் அதை நம் பறவைகளால் எளிதில் விழுங்க இயலாது. வலைகளைக் கிழிக்கிறது, வலைஞர் அள்ளும் மீனில் விலைபோகாத இதுவே மிகுந்து அவர்களின் பிழைப்பைக் கெடுக்கிறது. ஒரு மீனுக்குக் காட்டிய இரக்கம் ஓர் ஏரிக்குச் செய்த அநீதியாய் முடிந்தது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பெரும் சதுப்புநிலம் உண்டு. ஆசியாவைச் சேர்ந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கு வளர்ப்பு விலங்குகளாக விற்கப்பட்டுத் தப்பியும் விடப்பட்டும் அந்நிலத்தில் பெருகிவிட்டன. 2012 இல் வெளியான ஆய்வொன்று, பாம்புகள் பெருகுமுன் காணப்பட்ட ரக்கூன்களின் எண்ணிக்கை 99.3 விழுக்காடும், ஒபோசம் என்னும் பைவிலங்குகள் 98.9 விழுக்காடும், காட்டுப்பூனை இனமான பாப்கேட் 87.5 விழுக்காடும் குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. அதே ஆண்டு அமெரிக்க அரசு அப்பாம்பின் இறக்குமதியைத் தடைசெய்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இனி என் தங்கை மகனின் கதை. கல்லூரியில் படிக்கும் பிள்ளை, நல்ல தொழுகையாளி. மீன் விஷயத்தில் நான் அலைவதைக் கண்டு, "மாமா, மீனுக்குத்தான் இத்தனை வேலை. டாரண்டுலா வாங்கினால் வாரத்துக்கு ஒரு வெட்டுக்கிளி போதும், சத்தமில்லை, நாற்றமில்லை" என்றான். கைப்பேசியில் படமும் காட்டினான். உள்ளங்கை அகலத்துச் சிலந்தி, மயிர் அடர்ந்த கால்கள், உடம்பெல்லாம் மயில்நீலம். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. தவ்ருக் குகை வாயிலில் வலை பின்னியதாக நெடுங்காலமாய்ச் சொல்லக் கேட்டுவரும் சிலந்தியின் இனத்தார் என்பதால் நமக்கும் அதன்மேல் ஒரு பாசம் உண்டு. ஆயினும் இந்த வகை அப்படி வட்டவலை கட்டுவதில்லை, பொந்திலேயே பதுங்கி வாழ்வது.

அந்த நீலச் சிலந்தி எவ்வூர் என்று கேட்டேன். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ வளர்த்து விற்கிறார்கள் என்றான். தேடிப் பார்த்தால், அது நம் பக்கத்து ஆந்திராவைச் சேர்ந்தது! 1899 இல் கூத்தி ரயில் நிலையத்தருகே மரக்கட்டைகளிடையே கண்டெடுக்கப்பட்டு, போகாக் என்னும் ஆங்கில அறிஞரால் பெயர் சூட்டப்பெற்றது. அதன்பின் நூறாண்டுக் காலம் யார் கண்ணிலும் படவில்லை. 2001 இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் காணப்பட்டது. செய்தி பரவிய சில ஆண்டுகளுக்குள் மேல்நாட்டுச் சந்தைகளில் அதன் குஞ்சுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. முதல் சிலந்திகள் காட்டிலிருந்து எப்படிக் கடல் கடந்தன என்பதை யூகித்துக்கொள்ளலாம்.

அதன் நெருங்கிய உறவினமொன்று நமக்கு இன்னும் அண்மையில் இருக்கிறது. இராமேசுவரம் தீவின் பழைய புளியமரப் பொந்துகளில் வாழும் ஒருவகைப் பெருஞ்சிலந்தி 2004 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் கடலுக்கு அப்பால் இலங்கையின் மன்னாரிலும் அது இருப்பது தெரிந்தது. புளியமரம் விறகுக்கும் வீட்டுமனைக்கும் வெட்டுண்ண, பொந்து போயிற்று. முற்றிலும் அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுவிட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையில் காணப்படும் இக்குடும்பச் சிலந்திகள் அனைத்தையும் 2019 இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் நமக்கு எத்தனையோ சொந்தபந்தங்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் தோப்பில் இப்படியொரு அரிய குடியிருப்பாளர் இருப்பதை அறிவார்கள்?

பயணமொன்றில் நபித்தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொள்ள, தாய்ப்பறவை சிறகடித்துக்கொண்டு சுற்றியது. அதைக் கண்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், அதனைத் துயருறச் செய்தவர் யாரென்று வினவி, குஞ்சுகளைத் திருப்பி வைக்கும்படி பணித்தார்கள். சிலந்திக்குச் சிறகில்லை, குரலும் இல்லை. எடுத்தவரை யாரும் கேட்பதில்லை.

மருமகன் சொன்னதுபோல் அதைப் பேணுவது எளிதென்பதும் பாதி உண்மையே. பெண் சிலந்தி இருபது ஆண்டுகள்வரை வாழக்கூடியது. ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்து இறந்துவிடும். கையில் ஏந்திப் படம் எடுப்போர் இதை அறிவதில்லை. தோல் உரிக்கும் காலத்தில் உணவை மறுத்து மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டதென்று குப்பையில் எறிந்தவர்கள் உண்டு. அந்நேரம் உடல் மெழுகைப்போல் மென்மையாக இருப்பதால், உணவாகப் போட்ட வெட்டுக்கிளியே அதைக் கடித்துக் கொன்றுவிடும். அமெரிக்கக் கண்டத்து வகைகள் வயிற்று மயிரைக் காலால் உதிர்த்து வீசும். கண்ணில் பட்டால் கடும் உறுத்தல். நம் நாட்டு வகைகளுக்கு அந்த மயிர் இல்லை. கடித்தால்தான் தெரியும், தசைகள் முறுக்கேறி நாட்கணக்கில் வலிக்கும்.

அற்பமான பூச்சிதானே, இதற்கென்ன உரிமை என்று சிலர் கேட்கலாம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் சட்ட நூல்களையும் அவற்றின் விரிவுரைகளையும் ஓதிய ஆலிம் ஒருவரிடம் இதைக் கேட்டேன். கால்நடைக்குத் தீனி போடாதவனை, ஒன்று தீனி போடும்படி, அல்லது விற்றுவிடும்படி, உண்ணத் தகுந்ததாயின் அறுக்கும்படி ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம் என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்றார் அவர். தேன்கூட்டிலிருந்து தேன் எடுப்பவன் தேனீக்களுக்கென்று ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும் என்றும், பட்டுப்புழு வளர்ப்பவன் அதற்கு முசுக்கட்டை இலை கொடுத்தாக வேண்டும் என்றும் அந்நூல்கள் சட்டம் சொல்கின்றனவாம். புழுவுக்கு இலை கொடுப்பதைக் கடமையாக்கிய மார்க்கத்தில் எதை அற்பம் என்பது? ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்களோ, பிராணிகளுக்கு மனிதன்மீதுள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, அது மூப்படைந்தோ நோயுற்றோ பயனற்றுப் போனாலும் அதற்காகச் செலவிடுவது கடமை என்று எழுதிச் சென்றிருக்கிறார்கள்.

மருமகன் சிலந்தியை விட்டான், பாம்பைப் பிடித்தான். பால் பைத்தான் எனப்படும் மேற்கு ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு, பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும்; நஞ்சில்லை. நம் நாட்டு நாகம், சாரை, மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுப் பாம்பென்றால் தொல்லையில்லை என்பது அவன் வாதம். தொல்லை உண்டு. 2024 இல் வெளியிடப்பட்ட விதிகளின்படி, சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்போர் அரசிடம் பதிந்தாக வேண்டும். அது ஈன்றாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பதிவற்ற பாம்புகள் எப்படி வருகின்றன? 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் டப்பாக்களில் அடைபட்டுக் கிடந்ததைச் சுங்கத்துறையினர் கண்டுபிடித்தனர். பிடிபடாதவை எத்தனையோ, வழியில் மடிந்தவை எத்தனையோ.

ஷாஃபிஈ மத்ஹபில் பாம்பு, தேள் முதலான ஊர்வனவற்றை விற்பதே செல்லாது, அவற்றில் மார்க்கம் கருதும் பயன் இல்லாமையால் என்பதையும் அந்த ஆலிம் எடுத்துரைத்தார். ஹனஃபீ மத்ஹபினர் பயனுண்டாயின் கூடுமென்பர். அவரவர் மத்ஹபின் ஆலிமை அணுகிக் கேட்டுக்கொள்வதே முறை. பாம்புக்கு உணவாக உறைய வைத்த செத்த எலிகளை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்களாமே என்றேன். ஆலிம் ஒன்றும் சொல்லவில்லை. அருகிலிருந்த என் தங்கைதான், நோன்புக் கஞ்சியும் சமோசாவும் வைக்கும் பெட்டியில் எலியா என்று எழுந்துபோய்விட்டாள். மார்க்கத் தீர்ப்புக்கு முன்பே வீட்டுத் தீர்ப்பு வந்துவிட்டது.

ஆனால் என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொன்று. அந்தப் பாம்பு முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் அறுபது வயதைக் கடந்த ஒன்று 2020 இல் முட்டையிட்டதாகச் செய்தி வந்தது. மருமகனிடம் கேட்டேன்: "நாளை உனக்கு துபாயில் வேலை கிடைக்கிறது, அல்லது நிக்காஹ் ஆகிறது. பாம்பு யாரிடம்? நீ மவுத்தானால் உன் வாரிசுகளில் யார் பங்குக்கு அது போகும்?" அவன் சிரித்தான். சிரித்து முடித்தபின் வெகுநேரம் பேசவில்லை. கறுப்பும் பொன்னுமாய்ச் சிலந்திக் கோலம் போட்ட ஒரு வகையைத்தான் அவன் ஆசைப்பட்டிருந்தான். அந்தக் கோலத்துக்காகவே இனம்பெருக்கப்பட்ட பாம்புகள் நரம்புக் கோளாறுடன் பிறந்து, தலையை நேரே நிறுத்த மாட்டாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் என்பதை அவனே எனக்குப் படித்துக் காட்டினான். அதன்பின் பாம்புப் பேச்சை அவன் எடுக்கவில்லை. வனத்துறையினருக்குப் பாம்பு பிடிப்பதில் உதவும் குழுவொன்றில் சேரலாமா என்று இப்போது விசாரிக்கிறான். தங்கைக்கு அதுவும் கவலைதான்.

பேரன் மட்டும் மீனை விடுவதாயில்லை. எனக்கும் விட மனமில்லை. நான் பட்ட கடனொன்று அதில் இருக்கிறது. 100 லிட்டர் தொட்டி ஒன்று வாங்கி, மணல் பரப்பி, ஒருநாள் வெயிலில் நிறுத்திவைத்த தண்ணீரை ஊற்றி, வடிகட்டியை ஓடவிட்டோம். மின்சாரம் தடைப்பட்டால் காற்றூதப் பேட்டரிக் கருவியும் வாங்கியாயிற்று. மீன் மட்டும் இல்லை. கொளத்தூர் அன்பரின் சொற்படி, நாள்தோறும் சிறிது தீனியை வெறும் தண்ணீரில் தூவ வேண்டும். அது அழுகி அம்மோனியாவாக, அதை உண்டு நுண்ணுயிர்கள் பெருகும். வருகிறவர்கள் எல்லாம் மீனில்லாத தொட்டிக்கு ஏன் மோட்டார் என்று கேட்டுப் போகிறார்கள்.

நாட்காட்டியில் பேரன் பென்சிலால் கோடிட்டு வருகிறான். இன்று 23 ஆம் நாள். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தோம்; நைட்ரைட் இன்னும் இருப்பதைக் காட்டும் ஊதா நிறம் மாறவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. ஸ்டூலின்மேல் ஏறி நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு சிட்டிகைத் தீனியை அந்த வெறும் தண்ணீரில் தூவிவிட்டுப் பள்ளிக்கூடம் போனான்.